நடுவர் கண்ட பிழை

ஐம்பது வயதைக் கடந்தவருக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து எது? இரத்த அழுத்தமா, சர்க்கரை நோயா? அவற்றுக்கு மருந்து உண்டு. 'நீ செய்வது தவறு' என்று நேருக்கு நேர் சொல்ல எவரும் இல்லாமற் போவதே அவ்வயதின் ஆபத்து. கண்டித்து வளர்த்த தந்தை மறைந்திருப்பார். பாடம் சொன்ன ஆசிரியர் எங்கிருக்கிறாரோ, தெரியாது. அலுவலகத்தில் கீழே பணிபுரிவோர் தலையாட்டுவர். வீட்டில் பிள்ளைகள், 'அப்பா அப்படித்தான்' என்று ஒதுங்கிப் போவர். இதை நாம் அமைதி என்று எண்ணிக்கொள்கிறோம். அகங்காரம் கொழுப்பது இந்த அமைதியில்தான்.

நாக்பூரில் வசிக்கும் அன்பர் ஒருவர், வங்கி அதிகாரி, தமது 52-ஆம் வயதில் நடைப்பந்தயத்தில் இறங்கினார். மருத்துவர் நடக்கச் சொன்னார், நடந்தார். 35 வயது நிறைந்தவர்களுக்கென மூத்தோர் தடகளப் போட்டிகள் உண்டு என்றும், அதில் ஐந்தைந்து வயதாகப் பிரித்து நடைப்பந்தயமும் நடத்துகிறார்கள் என்றும் பூங்காவில் யாரோ சொல்ல, ஆவல் பற்றிக்கொண்டது. 'இந்த வயதிலா?' என்று உறவினர் சிரித்தனர். ஆசார்ய வினோபா பாவே 1951-இல் போச்சம்பள்ளியில் முதல் பூதானத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 55. அதன்பின் அவர் ஆண்டுக்கணக்கில் நாடெங்கும் நடந்தார். சிரித்தவர்கள் இதை நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

நடைப்பந்தயம் என்பது வேகமாக நடப்பது மட்டுமன்று. அதற்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வகையில் இரு பாதங்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழக்கூடாது. மற்றொன்று, முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்ட கணம் முதல் உடலுக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் மடங்கலாகாது. தடத்தின் ஓரத்தில் நடுவர்கள் நின்று பார்ப்பர். ஐயம் எழுந்தால் மஞ்சள் அட்டையைக் காட்டி எச்சரிப்பர். விதி மீறப்பட்டது உறுதியானால் சிவப்பு அட்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவர். நடப்பவர் பார்க்கும்படி ஒரு பலகையில் அவரது எண்ணுக்கு நேரே அது குறிக்கப்படும். வெவ்வேறு நடுவர் மூவர் தனித்தனியே சிவப்பு அட்டை அளித்தால், பொதுவாக அவர் பந்தயத்திலிருந்து விலக்கப்படுவார். நடுவர்கள் கருவிகளின் துணையை நாடுவதில்லை. வெறும் கண்ணே அளவுகோல்.

இவ்விரண்டு குற்றங்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். முந்த வேண்டும் என்ற பரபரப்பில் பாதம் தரையை விடுகிறது; அது ரஜோ குணத்தின் வேலை. சோர்வு மேலிடும்போது முழங்கால் தளர்கிறது. அது தமோ குணத்தின் வேலை. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ஆயினும் ஜபத்தில் அமரும் நமக்கும் பெரும்பாலும் இவ்விரு வழிகளில்தானே பிழை நேர்கிறது? ஒன்று, எண்ணிக்கையை முடிக்கும் அவசரம். அல்லது, கண் சொக்கும் உறக்கம்.

அந்த அன்பர் ஓராண்டு பயின்றார். முதல் மாதங்களில் முன்னங்காலில் பொறுக்கவொண்ணா வலி. புதிதாகப் பழகுவோர் பலருக்கு வருவதுதான். பொறுத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். வலி குறையும்வரை வேகத்தைக் குறைத்தார், அதுவே அறிவுடைமை. பின்னர் 5,000 மீட்டர் போட்டியில் இறங்கினார். தடத்தைப் பன்னிரண்டரை முறை சுற்ற வேண்டும். பத்தாவது சுற்றில் தலைமை நடுவர் சிவப்பு அட்டையை உயர்த்தினார். மனைவியும் மகளும் பார்த்திருக்க, அவர் தடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

மறுவாரம் ஆசிரமத்திற்கு வந்தவரின் முகம் கடுகடுத்திருந்தது. "மகராஜ், என் முழங்கால் மடங்கவே இல்லை. என் கால் எனக்குத் தெரியாதா? முப்பது ஆண்டு உத்தியோகத்தில் என்னை எவரும் இப்படி அவமதித்ததில்லை" என்றார். "அந்த நடுவர்களுக்கு உங்கள்மீது பகை ஏதும் உண்டா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "அவர்களுக்கு உங்கள் பெயராவது தெரியுமா?" மௌனமானார்.

சில நாட்களுக்குப் பின் மீண்டும் வந்தார். மகள் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தை அப்போதுதான் பார்த்தாராம். எட்டாம் சுற்று முதலே முழங்கால் மடங்கியிருக்கிறது. "மகராஜ், அது மடங்கியதுகூடப் பெரிதில்லை. நேராக இருக்கிறது என்று சத்தியம் செய்யும் அளவுக்கு நான் நம்பினேனே! வங்கியிலும் வீட்டிலும் இப்படி எத்தனை மடங்கல்களோ?" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போலக் கடினம் என்று அர்ஜுனன் முறையிடுகிறான். கடினம் என்பதை பகவான் மறுக்கவில்லை. அப்யாசத்தையும் வைராக்கியத்தையும் வழியாகக் காட்டுகிறார். அப்யாசம் என்றால் திரும்பத் திரும்பச் செய்வது என்று மட்டும் நாம் பொருள் கொள்கிறோம். பிழையோடு திரும்பத் திரும்பச் செய்தால் பிழைதான் உறுதிப்படும். திருத்துவதற்கு ஒருவர் வேண்டும். அதனால்தான் நம் மரபு குருவை வலியுறுத்தியது. நான் செய்வது எனக்குத் தெரியும் என்று நினைப்பவனிடம் குருவே வந்து நின்றாலும் என்ன செய்ய இயலும்?

வைராக்கியமும் அங்கே தேவைப்பட்டது. பதக்கத்தை விடுவது அவருக்கு எளிதாக இருந்தது. 'நான் பிழை செய்யாதவன்' என்ற எண்ணத்தை விடுவதற்கோ பல மாதங்கள் ஆயின.

அவர் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்தார். தாம் கடுஞ்சொல் பேசும்போது ஒரு மஞ்சள் அட்டையைக் காட்டும்படி மனைவியிடம் வேண்டிக்கொண்டார். "ஒன்று போதாதே, ஒரு கட்டாக வாங்கி வையுங்கள்" என்றாராம் அந்த அம்மையார். முன்பானால் அதற்கே ஒரு சண்டை மூண்டிருக்கும், அன்று சிரித்தார்களாம்.

அடுத்த ஆண்டு மீண்டும் பந்தயத்தில் கலந்துகொண்டார். ஏழாம் சுற்றில் பலகையில் அவர் எண்ணுக்கு நேரே ஒரு சிவப்புக் குறி விழுந்தது. அதைக் கண்டதும் வேகத்தைத் தணித்து, முழங்காலை நேர்செய்துகொண்டு நடந்தார். மூவர் அவரை முந்திச் சென்றனர். கடைசிக்கு முந்தியவராக எல்லைக்கோட்டைக் கடந்ததும், அந்த அட்டையை அளித்த நடுவர் யாரென்று விசாரித்து, அவரிடம் சென்று கைகூப்பினாராம்.