துச்சிலும் புக்கிலும்

பிறநாடு சென்று முதன்முறையாகத் தனிமனை கொள்ளும் ஒருவன், அம்மனைக்கு வேண்டும் பொருள்களை எவ்வளவில், எம்முறையில், யார்பொருட்டு ஈட்டுதல் தகும் என்னும் வினா, உலகியல் பற்றிய சிறு வினாப்போலத் தோன்றும். ஆராயுங்கால், அது பற்றின் இயல்பையும், உயிர்க்கும் பொருட்கும் உள்ள தொடர்பையும் தொட்டு நிற்கும் பெருவினாவேயாம். சிறிதுகாலம் ஒதுங்கியிருக்கும் இடத்தைத் துச்சில் என்றும், நிலையாகப் புகுந்துறையும் இல்லத்தைப் புக்கில் என்றும் பண்டையோர் வழங்கினர். உயிர்க்கு இவ்வுடம்பு துச்சிலே என்பது திருவள்ளுவனார் துணிபு. அங்ஙனமாயின், துச்சிலுள்ளும் துச்சிலாகிய வாடகை மனையில் ஒருவன் ஒழுகுமாறு யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

போளூரில் பட்டுத்தறி நெய்யும் குடியிற் பிறந்த இளைஞன் ஒருவன், கல்வி முற்றிச் சிங்கப்பூரில் அலுவல் பெற்று, ஆங்கு அடுக்குமாடி வீடொன்றின் திறவுகோலை முதன்முறை கையில் வாங்கினான் எனக் கொள்க. அவன் பிறந்த வீட்டில் முன்கூடத்தைத் தறி கொண்டிருந்தது. தறி போக எஞ்சிய இடமே உண்ணுதற்கும் உறங்குதற்கும் ஆயிற்று. எப்பொருள் எங்கிருத்தல் வேண்டும் என்று அவ்வீட்டில் எவரும் வினாவியதில்லை; முன்னோர் வைத்தவாறே எல்லாம் இருந்தன. இங்கோ பாயும் இல்லை, பானையும் இல்லை, விளக்கும் இல்லை. ஒவ்வொன்றையும் வேண்டுமோ வேண்டாவோ என்று அவனே துணிதல் வேண்டும்.

அத்துணிவில் இருவகைப் பிழை நேரும். அண்டை அயலார் வீட்டிற் கண்டவையெல்லாம் தன் வீட்டினும் வேண்டுமெனக் கருதித் தவணைக் கடன்பட்டு அறைகளை நிரப்புதல் ஒன்று. ‘மூன்றாண்டிற் பொருள் தொகுத்து மீள்வோம், அதுகாறும் ஒரு தட்டும் ஒரு பாயும் அமையும்’ எனக் கருதி, ஒன்றும் கொள்ளாது வெறுமனையில் உறைதல் மற்றொன்று. முன்னதைப் பற்றென்று யாவரும் எளிதில் அறிவர். பின்னதைத் துறவென்று மயங்குவாரே பலர். அம்மயக்கத்தை நீக்குதல் சித்தாந்த நெறியாற் கூடும்.

உயிர் தன்னியல்பில், ஆணவ இருளுள் அறிவும் செயலும் விளங்காது கிடப்பது கேவல நிலை எனப்படும். அந்நிலையினின்றும் அதனை எடுத்தற்பொருட்டு, இறைவன் மாயையினின்று தனு, கரண, புவன, போகங்களைத் தோற்றுவித்து, அவ்வவ் வினைக்கேற்ற அளவில் உதவுகின்றான். எனவே உடம்பும், மனம் முதலிய கருவிகளும், உறையும் உலகும், நுகரும் பொருளும் ஆகிய நான்கும் உயிர் தேடிக்கொண்டன அல்ல, கொடுக்கப்பட்டன. மாயையின் காரியமாகிய இவற்றை, விடியுங்காறும் இருளில் ஏற்றிவைத்த விளக்கோடு ஒப்பிடுதல் நம்மாசிரியர் மரபு. விளக்கைப் பெற்றவன் அதனொளியாற் காணவேண்டுவன காணாது விளக்கையே நோக்கியிருப்பின், பெற்ற பயனை இழந்தவனாவான். விடியுமுன்னரே ‘விளக்கு நிலையாதன்றோ’ என்று அதனை அவித்திருப்பவனும் அவ்வாறே இழந்தவனாவான். இருளில் இருத்தல் துறவாகாது என்க.

இதனைப் போளூர், ஆரணி வட்டாரத்துத் தறியிலேயே காணலாம். அங்கே நெய்வோர் பலர், பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியிடத்தேனும் கூட்டுறவுச் சங்கத்தேனும் பெற்று நெய்பவர். பட்டு அவர்க்கு உரியதன்று. நெய்து முடிந்த புடைவையும் அவர்க்கு உரியதன்று. அவர் பெறுவது கூலியே. ஆயினும் ஓரிழை அறினும் தறியை நிறுத்தி, அவ்விழையைத் தேடிப் பிணைத்த பின்னரே மேற்செல்வர். தம் உடைமையன்று என்பதனால் அவர் பட்டினைப் பேணாது விடுவதில்லை. இத்துணைப் பேணினோம் என்பதனால் அதனைத் தமதென்று பெட்டியுட் பூட்டுவதும் இல்லை. எனதென்னும் எண்ணமின்றி ஒரு பொருளைச் செவ்வனே பேணுதல் கூடுமோ என ஐயுறுவார்க்கு இத்தறியே விடையாம்.

இனி, கடல்கடந்து சென்று மனை வகுத்தாருள் நாட்டுக்கோட்டை நகரத்தார் வரலாறு இங்குக் கருதத்தக்கது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்க்குக் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடமொன்றில் ஒவ்வொரு கடையின் முகவர்க்கும் சிறிதளவு இடமே உண்டு. ஒரு பெட்டகம், தாழ்ந்த கணக்குப் பெட்டி, ஒரு பாய் ஆகிய இவையே அவர்தம் தட்டுமுட்டு. பகலிற் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்த இடத்திலேயே இரவிற் பாய் விரிப்பர். மனைவி மக்களை ஊரில் விட்டு, மூன்றாண்டுத் தவணையாகச் சென்று மீள்வதே அவர் வழக்கம். எனினும், தமக்கெனத் தனிமனை வகுக்காத அவர், 1859-ஆம் ஆண்டிலேயே தாங்கு சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். வாணிகத்தின் ஊதியத்தில் மகமை ஒதுக்கி வழிபாட்டை நடாத்தினர்.

அவர் பாயளவில் அமைந்தமை முற்றும் பற்றறுதியோ எனின், அன்று. அவருட் பலர் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு செட்டிநாட்டில் மாளிகைகள் சமைத்தனர். ஓரிடத்து வெறுமையும் பிறிதோரிடத்துச் செறிவும் ஒருங்கு நிற்பின், பற்று இடம் மாறிற்றேயன்றி அற்றதாகாது. 1930-ஐ அடுத்த விலைவீழ்ச்சியில், கடன் தீர்க்கமாட்டாதார் நிலங்கள் அவர்வயப்பட்டன. 1938-இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல்விளை மாவட்டங்களில், பயிரிடப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு அவர்க்குரியதாயிற்று. 1942-இல் போர் வந்துற்றபோது அந்நிலமும் பெட்டகமும் துணையாகவில்லை. 1960-களில் பர்மிய அரசு வாணிகத்தைத் தன்வயப்படுத்தியபோது எஞ்சியிருந்தனவும் கைவிட்டன. சிங்கப்பூரிற் கிட்டங்கிகளும் நகரச் சீரமைப்பில் மறைந்தன. தாங்கு சாலைக் கோயில் மட்டும் 1983-இற் புதுக்கப்பெற்றுத் தைப்பூசந்தோறும் காவடிகளை ஏற்றுநிற்கின்றது. தமக்கென வைத்தது நில்லாது, இறைவற்கென வைத்தது நின்ற இவ்வேறுபாடு கருதற்பாலது.

அற்றேல், இறைவற்குக் கொடுத்துவிட்டுத் தனக்கொன்றும் கொள்ளாதிருத்தலே நன்றாகாதோ எனின், ஆகாது. தனக்கொன்றும் கொள்ளாதவன் மனையில் அடியார்க்கும் ஒன்றும் இல்லையாய் முடிதலின் என்க. இளையான்குடிமாற நாயனார், வறுமையுற்ற காலத்து, மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியார்க்கு, வித்திய முளைநெல்லை வாரிவந்தும் வீட்டுக் கூரையின் மரத்தை விறகாக்கியும் அமுதூட்டினார். அவர் மனையில் இன்மை இருந்தது. விருந்தை மறுக்கும் மனம் இருந்ததில்லை. நாம் கூறிய இளைஞனோ, ஒரு தட்டே போதும் என்றபொழுதே இரண்டாமவர்க்கு இடமில்லை என்றும் கூறினான். அவ்வொடுக்கத்தால் மிஞ்சிய பொருள் ஊரிற் கட்டவிருக்கும் மாடிக்குச் செல்லுமாயின், அது துறவின் வேடம் பூண்ட அவாவேயாம்.

அமர்நீதி நாயனார் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. பழையாறையிற் பிறந்த அவ்வணிகர் திருநல்லூர் சென்று, அடியார்க்கென மடம் அமைத்து உடையும் அமுதும் உதவிவந்தார். வேதியப் பிரமசாரியாய் வந்த இறைவன் காக்கத் தந்த கோவணம் மறைந்துபோக, அதற்கீடாகத் துலையிலிட்ட பொருட்குவையெல்லாம் எஞ்சிய மற்றொரு கோவணத்தின் நிறைக்குப் போதாவாயின. பின்னர் மனைவியாரோடும் மகனாரோடும் தாமும் துலையேறினார். உடைமையனைத்தும் சேர்ந்தும் அடைக்கலப் பொருளொன்றின் எடைக்கு ஒவ்வா. நம் மனையில் உள்ளன யாவும் அடைக்கலமே என்று கொள்பவனுக்கு, ஒரு குவளையும் பெருமதிப்புடையதாம். ஆயிரம் பொருளும் சுமையாகா.

ஆதலின், புதுமனை கொள்வான் பொருள்களை முறைப்படுத்திக் கொள்ளுதல் கடன். முதற்கண் விளக்கும், வழிபடு திருவுருவும், திருமுறையும் வைத்தல் வேண்டும். புகையுணர்ந்து ஒலிக்கும் கருவி முதலியவற்றால் ஆண்டு நெய்விளக்கேற்றல் அரிதாயின் வருந்தற்க. மனத்தே கோயிலெடுத்த பூசலாரை நினைந்து அகத்தில் ஏற்றுக. அடுத்து, விருந்தினர்க்கென ஒரு தட்டும் ஒரு பாயும் வாங்குக. தன் உடலோம்பற்கும் அலுவற்கும் வேண்டுவன மூன்றாவதாக வருக. அயலார் மதித்தற்பொருட்டுக் கொள்ளத் தோன்றுவன எவையோ, அவற்றைக் கடையிலேயே விட்டு மீள்க. கடனாற் கொள்ளற்க. மனை நீங்கும் நாளில், அப்பொருள்களை ஊரினின்று புதிதாக வந்து வெற்றறையில் நிற்கும் மற்றொருவனுக்கு மனமுவந்து அளித்துச் செல்க. அளிக்குங்கால் நெஞ்சு எப்பொருளிடத்துத் தயங்குகின்றதோ, பற்று அங்கிருந்தது என அறியலாம். பிறிதோர் அளவுகோல் வேண்டா.

உடம்பாகிய துச்சிலையும் ஒருநாள் ஒழித்துக் கொடுத்தல் வேண்டும். அன்று நெஞ்சு தயங்காமைக்கு, வாடகை மனையில் ஒழுகும் ஒழுக்கமே பயிற்சியாம். விடியும்போது விளக்கை வைத்துச் செல்வார்க்கு இழப்பொன்றும் இல்லை. அவர் புகும் புக்கில் இறைவன் திருவடியே.

திருச்சிற்றம்பலம்.