விற்காத வீட்டின் விலை

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு குட்டி அறை, கூடம், அடுக்களை, கொல்லையில் கிணறு. அவ்வளவுதான். துணிக்கடைக் குமாஸ்தா ஒருவரின் குடும்பம் வாழ்ந்த வீடு. அவருடைய மூத்த பிள்ளை கணிதமேதை ராமானுஜன் என்பதால் வீடு பிழைத்தது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கிச் செப்பனிட்டது. 2003 டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார்.

சரி, மேதை யாரும் வளராத வீடுகளை என்ன செய்வது? கணக்கில் கோட்டை விட்ட பிள்ளைகளும் இதே மாதிரி திண்ணைகளில்தானே வளர்ந்தார்கள்?

'இடிக்காதே' என்று சொல்வது சுலபம். ஓட்டு வீடு லேசில் நம்மை விடாது. ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். உளுத்த சட்டத்தைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பூட்டி வைத்தால் கரையான் குடிவந்துவிடும். ஆள் புழங்கினால்தான் வீடு. 80 வருஷத்து வீடு என்றால் 80 வருஷத்து உழைப்பு என்று அர்த்தம். அதில் பெருக்கி, மெழுகி, கோலம் போட்ட பங்கு பெரும்பாலும் பெண்களுடையது.

அந்தப் பெண்களுக்கு வீட்டில் என்ன பங்கு இருந்தது?

1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டால், குடும்பம் குடியிருக்கும் அவரது வீட்டில் மகளுக்கும் பங்கு உண்டு. ஆனால், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும் வரை 'பாகம் பிரி' என்று அவள் கேட்க முடியாது. கல்யாணமாகாதவள், விதவை, கணவனைப் பிரிந்தவள் என்றால் அங்கே தங்கிக்கொள்ளலாம். கணவனோடு வாழ்கிறவளுக்கு அதுவும் கிடையாது. குடும்ப வீடு துண்டு துண்டாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். 2005-ல் அந்தப் பிரிவை நீக்கினார்கள்.

ஆக, 49 வருஷம். அந்தக் காலத்தில் உடையாமல் நின்ற வீடுகள் சிலவற்றுக்கு, கேட்க முடியாமல் போன தங்கையின் பாகமும் ஓர் அஸ்திவாரம்.

சட்டம் போய்விட்டது. பேச்சு போகவில்லை. "அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டினது. அதைப் போய் விக்கறதா?" என்று வெளிநாட்டிலிருந்து அண்ணன் போனில் உருகுவார். "உருகறது சரிண்ணா. என் பொண்ணு காலேஜ் ஃபீஸ் யார் கட்டறது?" என்று தங்கை கேட்டால், "பணப் பேய்" என்று பட்டம் கிடைக்கும். இரண்டு பேருக்கும் அதே வீடு, அதே அப்பா. ஒருவருக்கு ஞாபகத்தை வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது; இன்னொருவருக்கு இல்லை. இதில் யார் பாசமில்லாதவர்?

அதற்காகப் பாசத்தையே பொய் என்று தள்ளிவிட முடியாது. பாட்டி கடைசியாகப் படுத்திருந்த ரேழியை எந்த அடுக்குமாடியும் திருப்பித் தராது. இடித்தது இடித்ததுதான். ஆகவே வீட்டைக் காப்பாற்ற நினைப்பது நல்ல ஆசை. ஆனால், ஆசைப்படுகிறவர்தான் அதற்கு விலை தர வேண்டும். மார்க்கெட் விலைக்கு மற்றவர்கள் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது எல்லாரும் மனசார ஒப்புக்கொண்டு, ஓடு மாற்றும் செலவையும் பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்தவர் பங்கில் நம் ஞாபகத்தைக் குடிவைப்பது பாசத்தில் சேராது.

இரண்டும் முடியாதா? விற்பதில் பாவமில்லை. விற்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, அறை அறையாகப் படமெடுங்கள். உயிரோடிருக்கும் மூத்த அத்தையை அழைத்து வந்து, எந்த மூலையில் யார் பிறந்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

விற்காமல் வைத்துக்கொள்வதானால் இன்னும் நல்லது. அந்தத் திண்ணையில் உட்கார அக்கா தங்கைக்கும் இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.