ஊசியும் சப்தமும்

சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் கேட்பதும் தேய்ப்பதும் ஒரே செயல். ஊசியையும் சவ்வையும் தாங்கும் தலைப்பகுதியான சவுண்ட்பாக்ஸின் எடை நூறு கிராமுக்கு மேல் ஊசிமுனை வழியாகத் தட்டின் பள்ளத்தில் இறங்குகிறது. மின்சாரம் இல்லை, ஒலியைப் பெருக்கித் தர எதுவும் இல்லை. பள்ளத்தின் நெளிவு ஊசியை ஆட்டுகிறது, ஊசி மைக்கா அல்லது அலுமினியச் சவ்வை ஆட்டுகிறது, அந்த ஆட்டமே ஹார்ன் வழியே பாட்டாகிறது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம். நிமிஷத்துக்கு 78 சுற்று என்றால் 234 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தின் சுவர் கொஞ்சம் உதிர்கிறது. அப்படியானால் பாட்டு தட்டில் ஏற்கெனவே இருந்து வெளிப்படுகிறதா, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்து மடிகிறதா?

இந்திய தத்துவத்தில் இது பழைய வழக்கு. மீமாம்சகர்களுக்குச் சப்தம் நித்தியம். நாக்கும் உதடும் அதை உண்டாக்குவதில்லை, இருப்பதை வெளிக்காட்டுகின்றன. நையாயிகர்கள் இதை ஏற்பதில்லை. சப்தம் உண்டாவது, ஆகவே அழிவது. ஓர் ஒலி அடுத்ததை எழுப்ப, நீரலைபோல் பரவிச் செவியை எட்டி மறைவது. பௌத்தர்களும் இந்த விஷயத்தில் அநித்தியத்தின் பக்கமே. மணிமேகலையின் 29-ஆம் காதை அளவையியலை விளக்கும்போது, செய்யப்படுவதால் சத்தம் நிலையற்றது, குடத்தைப் போல என்ற அனுமானத்தையே எடுத்துக்காட்டாகக் கையாள்கிறது. மீமாம்சகர்கள் காக்க நினைத்தது வேதச் சொல்லை, சங்கீதத்தை அல்ல. வழக்கை இசைத்தட்டுவரை இழுப்பது பிற்காலத்தார் எடுத்துக்கொள்ளும் உரிமை.

இழுத்துப் பார்த்தால் முதலில் மீமாம்சகர் பக்கம்தான் பலமாகத் தெரியும். பள்ளம் மாறாமல் கிடக்கிறது. ஊசி தொட்டால் பாட்டு, எடுத்தால் மௌனம். ஆனால் ஊசியை மாற்றியதும் இந்த வாதம் ஆட்டம் காண்கிறது. எஃகு ஊசிகள் தடித்தவை, நடுத்தரம், மெல்லியவை என்று வரும். தடித்தது விறைப்பானது, அசைவை அப்படியே சவ்வுக்குக் கடத்தி உரக்கப் பாடும். மெல்லியது வளைந்து கொடுத்து ஒலியைக் குறைக்கும். வீணை தனம்மாள் 1932-இல் கொடுத்த தட்டில் தடித்த ஊசியை வைத்தால் வீணை கூடம் முழுக்க அதிரும். ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டில் மூச்சை அடக்கி உட்கார்ந்தவர்கள் கேட்ட நாதம் அதுவல்ல. எது அவருடைய நாதம் என்பதற்குப் பள்ளம் மட்டும் பதில் சொல்லாது. தட்டு, ஊசி, சவ்வு, கூடம் எல்லாம் சேர்ந்த காரணக் கூட்டத்தில்தான் ஒலி பிறக்கிறது. ஒலியைப் பொறுத்தவரை நையாயிகரே சரி. இரண்டு கேட்டல்களுக்கு நடுவே ஏதோ ஒன்று நிலைத்திருக்கிறது என்ற அளவில் மீமாம்சகருக்கும் இடம் உண்டு. ஆனால் அந்த ஒன்றும் தேய்கிறது.

தேய்வது யார் என்பதைக் கிராமபோனைச் செய்தவர்கள் யோசித்தே தீர்மானித்தார்கள். அரக்குடன் கற்பொடி கலந்து தட்டு வார்க்கப்பட்டது. அந்தப் பொடி முதல் சில சுற்றுகளில் எஃகு முனையை அராவிப் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்கிறது. ஊசியே பலியாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் முனையின் இருபுறமும் தட்டையாகி உளிபோல் கூர் ஏறிவிடும். அதே ஊசியை அடுத்த பக்கத்துக்கும் வைத்தால் செதுக்குப்படுவது தட்டு. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற விதி இதனால்தான். ஊசியில் மிச்சம் பிடிப்பவர் திரும்பக் கிடைக்காததைச் செலவழிக்கிறார். மூங்கில் ஊசியும் கள்ளிமுள் ஊசியும் மென்மையானவை. அடிக்கடி சீவிக்கொள்ள வேண்டும். உரத்த பதிவிலும் முன்பே தேய்ந்த தட்டிலும் பாதியிலேயே முனை மழுங்கி ஒலி குழம்பும். நல்ல நிலையில் உள்ள தனிக் குரலுக்கும் வீணைக்கும் அவை நிறைவாகப் பொருந்தும்.

தட்டுகளிலும் தேர்வு உண்டு. 1925-க்கு முந்தைய, குழலுக்குள் பாடிப் பதிந்த தட்டுகள் இந்தக் கருவிக்கென்றே பிறந்தவை. நடுத்தர அல்லது தடித்த ஊசி ஏற்றது. மைக்கில் பதிந்த முப்பதுகளின் தட்டுகளுக்கு மெல்லிய ஊசியே பெரும்பாலும் போதும். ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாட்டுத் தட்டுகள் 78 வேகத்தில் சுற்றினாலும் எடை குறைந்த மின் பிக்கப்புக்காக வந்தவை. சாவி கிராமபோனில் சீக்கிரம் சாம்பல் பூத்துவிடும். எல்பி, 45 வேகத் தட்டுகளின் நுண்பள்ளத்தை எஃகு ஊசி ஒரே ஓட்டத்தில் சிதைக்கும். எடிசனின் வைரத் தட்டுகளிலும் பாத்தே நிறுவனத்தின் பழைய தட்டுகளிலும் ஒலி மேலும் கீழுமாகப் பதிந்திருப்பதால், சாதாரண சவுண்ட்பாக்ஸ் ஆகவே ஆகாது.

மிஞ்சுவது கடமையைப் பற்றிய கேள்வி. ஒலி ஒவ்வொரு தடவையும் பிறப்பது என்றால், பூட்டி வைத்த தட்டு பாட்டைக் காப்பதாகாது. பாட்டு பிறக்கும் வாய்ப்பை மட்டுமே காக்கிறது. அந்த வாய்ப்பு பின்னால் வருகிறவர்களுக்கும் உரியது. பல பிரதிகள் புழங்கும் தட்டைப் புது ஊசியுடன் கிராமபோனில் தாராளமாகக் கேட்கலாம். ஊசியும் தட்டும் அதற்காகவே செய்யப்பட்டவை. ஒற்றைப் பிரதியாக எஞ்சியதை முதலில் சில கிராம் எடையுள்ள, 78-க்கான அகன்ற முனை கொண்ட மின் பிக்கப்பில் ஓட்டிப் பதிவுசெய்துகொள்வதே நியாயம். ஏற்கெனவே விரிசல் கண்ட தட்டைக் கிராமபோனில் ஏற்றக்கூடாது. விரிசலில் முனை இடறினால் அது மேலும் பிளக்கும்.