ஒவ்வாதது எது?

ஒவ்வாமை என்னுஞ் சொல் இன்று பொதுவழக்கிலே பெரிதும் பயின்று வருகின்றது. அதனை ஊன்றி நோக்குமிடத்து, அது தனியொரு பொருளின் இயல்பைக் குறிப்பதன்று என்பதும், இரு பொருள்களுக்கிடையே நிலவும் உறவைக் குறிப்பது என்பதும் புலனாகும். ஒன்று மற்றொன்றுடன் ஒவ்வவில்லை, அவ்வளவே. இரண்டனுள் எது மாறவேண்டும் என்பதைச் சொல் உரைப்பதில்லை. ஆயின், இச்சொல் ஒரு குழந்தையின் மீது சார்த்தப்படும்போது, குறை குழந்தையின் உடலிலேயே உள்ளது என்ற எண்ணமும் நம்மையறியாது உடன்புகுந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் அறத்துக்கு இயைந்ததா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஒவ்வாமை மருத்துவம் குழந்தை மருத்துவத்தின் மடியிலே பிறந்த துறை எனலாம். வியன்னா நகரக் குழந்தை மருத்துவரான கிளெமன்ஸ் ஃபொன் பிர்க்கே, தொண்டைக்கரப்பன் முதலிய நோய்களுக்காகக் குதிரைச் சீரம் ஏற்றப்பெற்ற குழந்தைகளை, பேலா ஷிக் என்பாருடன் இணைந்து ஆராய்ந்தார். காக்கவந்த மருந்தே சிலருக்குக் காய்ச்சலையும் தோற்றடிப்பையும் விளைத்தமை கண்டு, உடலின் மாறுபட்ட எதிர்விளைவைக் குறிக்க 1906ஆம் ஆண்டில் ‘அலர்ஜி’ என்ற சொல்லை ஆக்கினார். அறுபது ஆண்டுகளின் பின், 1966இல், இஷிசாகா தம்பதியர் இத்தகைய எதிர்விளைவுகள் பலவற்றுக்கு ஏதுவான இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரியை இனங்கண்டனர்.

இத்துறை வல்லுநர் குழந்தையின் முன்கையிலே ஐயத்துக்குரிய பொருள்களின் துளிகளை இட்டு, ஊசிமுனையால் தோலை மெல்லக் குத்தி, கால்மணி நேரத்தில் எழும் தடிப்பை அளப்பார். ஆனால் தடிப்பு மட்டும் நோய்க்குச் சான்றாகாது. குழந்தை எங்கு உறங்குகின்றது, எதனை உண்கின்றது, எப்போது இழுப்பு மிகுகின்றது என்றெல்லாம் வினவிய பின்னரே முடிவு காணப்படும். முடிவு கண்டபின், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்துகள் ஒருபுறமிருக்க, வழிகள் இரண்டு. ஒன்று, உடலைப் பழக்குதல். 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஏற்றித் தொடக்கிவைத்த முறை இது. மற்றையது, ஒவ்வாத பொருளினின்றும் விலகியிருத்தல். முன்னது குழந்தையை மாற்றுகின்றது. பின்னது குழந்தையை அகற்றுகின்றது. சூழலோ இரண்டிலும் இருந்தவாறே இருக்கின்றது.

இனி, இந்நோக்குடன் நமது மலையகத்துக்கு வருவோம். தேயிலைக்கும் மூச்சு நோய்க்கும் உள்ள தொடர்பு இங்கு முன்னரே ஆராயப்பட்டது. நெஞ்சுநோய் வைத்தியரான சி. ஜி. ஊரகொட, தேயிலைத் தூசினால் உண்டாகும் ஆஸ்துமா பற்றி 1970இலும், தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றி 1980இலும் எழுதினார். அவர் நோக்கியது தொழில்புரியும் வளர்ந்தோரை. தொழிற்சாலைக்குள் கால்வையாத குழந்தையின் நிலை யாது? அட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே தனிவீடுகள் பல எழுந்துள்ளனவெனினும், லயக் காம்பிராக்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் பல. குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் அஞ்சிக் கதவு சாத்தப்படுகின்றது; விறகடுப்பின் புகை உள்ளே தங்குகின்றது; சுவரிலே ஈரம் ஊறுகின்றது. ஈரம் பூஞ்சணத்தையும் படுக்கைத் தூசியிலுள்ள சிற்றுண்ணிகளையும் வளர்க்கும். இவை உண்மையான ஒவ்வாமைக்கு ஏதுவாவன. விறகுப் புகையோ அப்பொருளில் ஒவ்வாமையூக்கியன்று. எந்தக் குழந்தையின் மூச்சுக்குழாயையும் அது உறுத்தும். புகையோடு ஒவ்வாத நுரையீரலைக் குறையுடைய நுரையீரல் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இத்தகைய குழந்தையின் தாயிடம், “புகைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறுவது மருத்துவ நோக்கிற் சரியானதே. அறநோக்கிலே அது முழுமையானதன்று. இயலாத ஒன்றை ஒருவர்க்குக் கடமையாக்க முடியாது என்பது ஜெர்மானிய ஞானி காண்ட்டின் அறக்கோட்பாட்டிற் பெறப்படும் கருத்து. விடியுமுன் அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்க்கு, அறையோ அடுப்போ அவள் தெரிவு செய்தவையல்ல. விலகி நிற்கச் சொல்லும் அறிவுரை, விலகி நிற்க இடமுள்ளவர்க்கே அறிவுரையாகும்; இடமற்றவர்க்கு அது பழியாகிவிடும். அடுத்தமுறை குழந்தைக்கு இழுப்பு வந்தபோது, “சொன்னோமே” என்ற சொல் அவள் மீதே விழும்.

வீடு திருத்துவது வைத்தியரின் பணியன்று எனச் சிலர் மறுக்கலாம். அவர் கையிலிருப்பது மருந்தேயன்றி மண்வெட்டியன்று என்பது உண்மையே. ஆயினும் ஆய்வு வீட்டுவாசலோடு நின்றுவிடவேண்டுமென்ற நியதி இல்லை. குவாத்தமாலா நாட்டு மலைப்பகுதியிலே 534 குடும்பங்களை எடுத்து, ஒருசாரார்க்குப் புகைபோக்கியுடைய அடுப்பை முதலிலும் ஏனையோர்க்கு ஆய்வு முடிந்த பின்னரும் வழங்கினர். 2011இல் வெளியான முடிவின்படி, குழந்தைகள் சுவாசித்த புகை ஏறக்குறைய பாதியாயிற்று. நியூமோனியா மொத்தத்தில் ஐயத்துக்கிடமின்றிக் குறைந்ததாகக் காட்ட இயலவில்லை. எனினும் கடுமையான நியூமோனியா குறைந்தது. பாதி மாற்றம் பாதிப் பயனையே தரும் என்பது இதன் படிப்பினையாகலாம். இங்கு மருந்து கொடுக்கப்பட்டது குழந்தைக்கன்று, அடுப்புக்கு என்பதே நாம் கருதத்தக்கது.

காரணம் வேறு, பொறுப்பு வேறு. காரணத்தைக் கண்டறிதல் வைத்தியரின் கடன். பொறுப்போ, மாற்றும் வல்லமை எவரிடத்து உள்ளதோ அவரைச் சாரும். 1975இல் பெருந்தோட்டங்களை அரசு ஏற்றது. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறியபோதெல்லாம் பொறுப்பும் உடன்சென்றதேயன்றி அழிந்துவிடவில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். அந்நால்வகையில், அருகிருந்து உதவுவோர் என்பதனைத் தாயோடு நிறுத்தாது, வீட்டுக்கு உடையோரையும் நாட்டையும் உள்ளடக்கியதாய் நாம் விரித்துக் கொள்ளல் வேண்டும்.

ஆகவே, குழந்தையின் நோய்க்குறிப்பிலே தூசியும் உண்ணியும் எழுதப்படும் இடத்திலேயே, சாளரமற்ற அறையும் எழுதப்படுதல் வேண்டும். எழுதப்படாத காரணத்துக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. ஒவ்வாதது குழந்தையா, அறையா என்ற வினாவுக்கு விடைகூறக் குழந்தையால் இயலாது. அதற்காக நாம் பேசாதிருத்தல் நடுநிலைமையாகாது.