சந்தேகப்படக் கற்பிக்கலாமா?

குழந்தைக்கு முதலில் எதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்? நம்புவதையா, சந்தேகப்படுவதையா? நம் பாட்டிமார் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பெரியவர்கள் சொன்னால் அதில் பொருள் இருக்கும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். எதிர்க்கேள்வி போட்ட பிள்ளைக்கு 'அதிகப்பிரசங்கி' என்ற பட்டம் கிடைத்தது. இன்று இணையப் பாதுகாப்பு என்ற பெயரில் பள்ளிக்கூடங்களில் ஒரு பாடம் நடத்துகிறோமே, அதைப் பிழிந்து சாறெடுத்தால் மிஞ்சுவது அந்த அதிகப்பிரசங்கித்தனந்தான். யார் சொன்னது? எப்போது எடுத்த படம்? உனக்கு எப்படித் தெரியும்?

அப்படி ஒரு வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆசிரியை நன்றாகவே நடத்தினார். கடவுச்சொல்லைத் தோழிக்குக்கூடச் சொல்லாதே. பள்ளிச் சீருடையோடு எடுத்த படத்தை ஊரறியப் போடாதே. முகம் தெரியாதவன் நட்புக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதே. பணம் பறிபோனால் 1930, வேறு ஆபத்தென்றால் 1098. எல்லாம் வேண்டியவைதாம், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஒன்று உறுத்திற்று. எல்லாப் புத்திமதியும் 'உன்னைக் காத்துக்கொள்' என்ற ஒரே திசையில் ஓடின. அயலான் கெட்டவன், நீ பத்திரமாக இரு. பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறவளின் கவலை அது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், தெரியாதவங்க அனுப்பினா நம்பக்கூடாது. எங்க பெரியப்பா அனுப்பினா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2018-ஆம் ஆண்டு மே மாதம் நினைவுக்கு வந்துவிட்டது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த ஒரு சிற்றூர். குலதெய்வத்தைக் கும்பிடுவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் போய்க்கொண்டிருந்தது. வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். அவர்களோடு வந்த 65 வயது அம்மாள், அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வயதான பெண்மணி எவரும் செய்கிற காரியம். ஆனால் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி அதற்குமுன்பே செல்போன்களில் அந்த வட்டாரமெங்கும் சுற்றியிருந்தது. கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மாள் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் குற்றுயிராய்க் கிடந்தார்கள்.

அதே ஆண்டில் இந்தியா முழுவதும் சுற்றிய ஒரு படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தெருவில் விளையாடும் குழந்தையை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு போவதாக அதில் காட்சி. கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை எச்சரிக்க எடுத்த விளம்பரப் படம் அது. முடிவில் அவ்விருவரும் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுகிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டான். குழந்தைகளைக் காக்க எடுத்த படம் கொலைக்குத் தூபம் போட்டது.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "சந்தேகம் விஷம் ஐயா! பிஞ்சு மனத்தில் அதை ஊற்றலாமா?" என்கிறார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று அந்த ஊரில் சந்தேகத்துக்கு என்ன பஞ்சம்? கண்ணெதிரே நின்ற கிழவியைச் சந்தேகித்தார்கள். காரைச் சந்தேகித்தார்கள், சாக்லேட்டைச் சந்தேகித்தார்கள். எவன் எழுதினான் என்றே தெரியாத செய்தியை மட்டும் ஒருவரும் சந்தேகிக்கவில்லை, அனுப்பியவர் தெரிந்தவராயிற்றே! கேட்டதை விசாரித்து அறிவதை வள்ளுவர் 'அறிவுடைமை'யில் வைத்தார். சொல்கிறவர் யாராக இருந்தாலும் என்று அழுத்தியும் சொன்னார். அந்த 'யாரில்' பெரியப்பாவும் அடக்கம்.

சட்டங்கள் வந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள 2025 டிசம்பர் முதல் தடை. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்குமேல் தள்ளிவிட முடியாதபடி செய்தது. நல்லதுதான். ஆனால் போளூர்ப் பக்கம் அடித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லவே.

எனக்குப் பிடித்தது கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தார் செய்த காரியம். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியைப் பற்றி வதந்தி பரவி, பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். மறு ஆண்டு அந்த மாவட்ட நிர்வாகம் அரசுப் பள்ளிகளில் 'சத்தியமேவ ஜயதே' என்ற பெயரில், பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகளைத் தொடங்கியது. ஊசி போட மறுத்தவர்கள் பெரியவர்கள், பாடம் பிள்ளைகளுக்கு! முதலில் வேடிக்கையாகத்தான் படுகிறது. யோசித்தால், வீட்டுக்குள் நுழைய அவர்களுக்கு வேறு வாசல் இருக்கவில்லை என்று தெரிகிறது.

ஆனால் அந்த வாசலில் நிற்கிற குழந்தையின் பாடு என்ன? கடவுச்சொல்லைக் காப்பதற்குத் தைரியம் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில், வீட்டார் எல்லோருக்கும் எதிரில், "பெரியப்பா, இதை உங்களுக்கு யார் அனுப்பினாங்க? அவருக்கு யார் சொன்னாங்களாம்?" என்று கேட்கத் தைரியம் வேண்டும். 'பொய்' என்ற சொல்லே அதில் இல்லை, பணிவாகத்தான் கேட்கிறாள். என்றாலும் பெரியப்பாவுக்கு முகம் சிவக்கும். இரண்டெழுத்துப் படித்துவிட்டால் வாய் நீளுகிறது என்பார். அந்தக் கணத்தில் அவளுடைய அம்மா யார் பக்கம் நிற்பாள் என்பது நான் பார்த்த அந்தப் பாடத்தில் இல்லை.