தழும்பைத் தாங்கிய அறப்பளீஸ்வரர்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கொல்லிமலை மலைப்பாகத்தான் இருக்கும். இங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் வந்த பக்கமே திரும்புவது போல் தோன்றும். ஆனால், ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பக்கவாதத்திலிருந்து மீள்வதும் இப்படித்தான். முப்பது வயதிலும் அது வரும். நேற்று வரை கோலம் போட்ட கை, இன்று குங்குமச் சிமிழைத் திறக்கவும் மறுக்கும்.

'என்ன பாவம் செய்தாளோ!' என்பார்கள் அக்கம்பக்கத்தில். அவர்களுக்கு மலைமேல் இருக்கும் அறப்பளீஸ்வரரைக் காட்டுங்கள். நிலத்தை உழுதபோது ஏர்முனை பட்டு, லிங்கத் திருமேனியில் ரத்தம் பெருகியதாம். அந்தத் தழும்பு இன்றும் ஈசனின் உச்சியில்! அவன் செய்த பாவம் என்ன?

வாசகியரே... வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். வேண்டுதலைப் போகும் வழியில் செய்துகொள்ளலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு.

பிறகு, பொறுமை. சேதமான பகுதியின் வேலையை, மூளையின் மற்ற பகுதிகள் பயிற்சியால் மெள்ளக் கற்றுக்கொள்ளும். வாதநோயின் வேதனையோடு குருவாயூரில் அமர்ந்து, நாளுக்கு ஒரு தசகமாக நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரியும் அப்போது இளைஞர்தானே!

அவள் சொல் தேடித் தவித்தால், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள், காத்திருங்கள். சுவாமிக்குப் பூச்சாத்தும் பொறுப்பை அவளிடமே கொடுங்கள். இடக்கையால் சாத்தினாலும் ஈசன் ஏற்பான்.

தழும்பு மறையாவிட்டாலும் அவன் அறப்பளீஸ்வரன்தான். கை முழுதாகத் திரும்பாவிட்டாலும் அவள் உங்கள் வீட்டு மகாலட்சுமிதான்!