மருந்து என்ற சொல்

2021 டிசம்பர் 24, நத்தாருக்கு முந்தைய இரவு. அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் கூட வேலை செய்தவர்களைச் சுட்டார். நான்கு பேர் இறந்தார்கள். பிறகு ஊவா மாகாணத்துக்குள் வந்து எத்திமலைப் பொலிஸில் சரணடைந்தார். கேட்ட விடுமுறை கிடைக்காத கோபம் என்று அன்றைய செய்திகள் சொல்லின.

இப்படியொரு செய்தி வந்தால் ஊரில் இரண்டு பேச்சு எழும். கையில் துவக்கு இருந்ததுதான் காரணம் என்பார்கள் சிலர். மனம் சரியில்லாத ஆளென்பார்கள் மற்றவர்கள். இரண்டாவது பேச்சு கேட்பவருக்கு ஆறுதலானது. பைத்தியம் பிடித்தவன் செய்தான் என்றால் மற்றவர்கள் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் மனநோயோடு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடிப்பவர்களாக இருப்பதைவிட அடி வாங்குபவர்களாக இருப்பதே அதிகம். பிந்துனுவெவயில் 2000 ஒக்டோபர் 25 அன்று புனர்வாழ்வு முகாமுக்குள் புகுந்து 27 தமிழ்க் கைதிகளைக் கொன்ற கும்பலுக்கு எந்த வைத்தியர் நோய்ப் பெயர் கொடுப்பார்? அங்கே கத்தியும் பொல்லும் நெருப்பும் போதுமாயிருந்தன. காவலுக்கு நின்ற பொலிஸாரிடம் துவக்கு இருந்தது, அது தடுக்கவில்லை. ஆயுதத்தை மட்டும் குறை சொல்பவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆயினும் மொனராகலைக் காட்டோரத்துக் கட்டுத்துவக்கை நினைத்துப் பாருங்கள். பன்றிக்காகப் பாதையின் குறுக்கே கயிறு கட்டி வைக்கிறார்கள். வைத்தவனுக்கு யார் மேலும் கோபமில்லை. விறகுக்குப் போனவரின் காலில் கயிறு தட்டுகிறது, வெடிக்கிறது. வெறி கொண்ட மனம் எதுவும் இல்லாமலே ஓர் ஆள் முடமாகிறார், சில வேளை சாகிறார். ஆயுதம் வெறுமனே கிடப்பதே ஓர் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துவக்கைவிட அதிகமாகத் தோட்டங்களை வாட்டியது வேறொன்று. பசறை, லுணுகலை, நமுனுகுல லயங்களில் பூச்சிநாசினிக்கும் களைகொல்லிக்கும் பெயர் மருந்துதான். மலையில் மருந்து அடிப்பார்கள். வீட்டில் சண்டை முற்றிய இரவில் ஒருவர் மருந்து குடித்துவிட்டார் என்று செய்தி வரும். காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் வாங்குவதும் மருந்து, சாவதற்குக் கைக்கு எட்டியதும் மருந்து.

1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அந்த ஆண்டு முதல் அரசு மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1998இல் இன்னொன்று, 2008க்கும் 2011க்கும் இடையில் தேயிலை மலைகளில் அடித்த கடுங் களைகொல்லி. அடுத்த இரு பத்தாண்டுகளில் வீதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. தடையால் பயிர் விளைச்சல் சரிந்ததாக ஆய்வாளர்கள் காணவில்லை. எல்லாவற்றையும்விட யோசிக்க வைப்பது இது: நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை அதற்கேற்பக் குறையவில்லை. வந்தவர்களில் முன்பைவிட அதிகமானோர் பிழைத்தார்கள். மனக்கசப்பும் குடியும் கடனும் அப்படியே இருந்தன. போத்தலுக்குள் இருந்தது மட்டும் மாறியது. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தங்கள் கையால் இறக்கவும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக் கோபம் கடந்து போகக்கூடியது என்பதை இத்தனை ஆயிரம் உயிர்கள் காட்டிவிட்டன. போட் ஆர்தரில் 1996இல் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவுஸ்திரேலியா ஆறு இலட்சத்துக்கும் மேலான துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைக்கு வாங்கி அழித்ததன் நியாயமும் இதுவே.

இந்த நியாயத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் ஏழை. பன்றி ஓர் இரவில் தோண்டித் தின்ற மரவள்ளித் தோட்டத்துக்குக் கொழும்பில் சட்டம் எழுதியவர் ஈடு தருவதில்லை. யாருக்கும் தீங்கு நினைக்காத ஆயிரம் விவசாயிகளிடமிருந்து துவக்கை வாங்குவது அறமா என்றால், அந்த இழப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்போது மட்டுமே அறம். வேலியும் நட்டஈடும் தராமல் துவக்கை மட்டும் பறிப்பது, காட்டோரத்தானின் முதுகில் ஊரார் நிம்மதியாகத் தூங்குவதாகும். திருக்கோவிலில் வெடித்ததோ அரசு தானே கொடுத்த ஆயுதம். விவசாயியின் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்லும் அரசு, தன் பொலிஸ்காரர் எத்தனை நாள் வீட்டைக் காணவில்லை என்பதையும் கணக்கில் எடுக்கக் கடமைப்பட்டது.

ஆயுதத்தை அகற்றினால் கிடைப்பது நேரம். அந்த நேரத்தில் என்ன செய்யப்படுகிறது? தற்கொலை முயற்சி குற்றமென்ற சட்டம் 1998இல் நீங்கியது; 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேச முடிகிறது. ஆனால் பிழைத்த பெண் வார்டிலிருந்து திரும்புவது அதே பத்தடி லயக் காம்பராவுக்கு, அதே குடிகாரக் கணவனிடம். கிளினிக் துண்டில் அடுத்த மாதத் திகதி இருக்கும். டவுனுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும், பஸ் காசும் வேண்டும். போனாலும் கேள்வி சிங்களத்தில் வரலாம். "ஏம்மா குடிச்ச?" என்று அவளுடைய தமிழில் ஒருவர் கேட்டு, பதில் முடியும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.